கழுத்துத் திருகாத ஷானா

புரூவிட் வீட்டுக்குள் சூனியம் புகுந்துவிட்டது என்பது கோழிகள் செத்ததால் தெரியவரவில்லை. சாகவேண்டிய கோழிகள் சாகாமல் திரிந்ததால்தான் தெரியவந்தது.

ஆர்கன்சா மலைச்சரிவில் டுவேன் புரூவிட்டுக்கு நாலு கோழிக்கொட்டகை. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும். வளர்ப்பதும் நாற்றத்தைச் சுமப்பதும் டுவேன் பாடு. விடிந்ததும் யாராவது ஒருவர் வாளியோடு உள்ளே போய், ராத்திரி செத்ததைப் பொறுக்கவேண்டும். பொறுக்கிக்கொண்டே போகும்போது கால் கோணியது, வளராமல் குறுகிப்போனது என்று நோஞ்சான் எது கண்ணில் பட்டாலும் பிடித்து, கழுத்தைத் திருகி, அதே வாளியில் போடவேண்டும். தீவனத்தைத் தின்றுவிட்டு எடை ஏறாமல் நிற்கும் கோழியைக் கண்டால் கம்பெனிக்காரன் மூஞ்சி கோணிப்போகும்.

இந்த வேலை ஷானாவுடையது. ஒன்பது வயதிலிருந்து அவள்தான் செய்தாள். வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூட பஸ் ஏறுவாள். எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. வகுப்பில் பாதிப்பேர் மேல் அதே வாடை அடித்ததால் யாரும் யாரையும் சொல்லிக்காட்டியதில்லை.

அவளுக்குப் பதினாறு முடிந்த வருஷம், வசந்தகாலத்தில் ஒரு நாள் டுவேன் மூன்றாம் கொட்டகைக்குள் எதற்கோ போனார். தண்ணீர்க் குழாயடியில் நொண்டியும் கூனியுமாக ஒரு கூட்டமே நின்றது. வெளியே வந்து மகளைக் கூப்பிட்டார்.

“இதென்ன புள்ள, ஆஸ்பத்திரி நடத்துறியா?”

“இனிமே நான் கொல்றதில்லப்பா.”

“எதை?”

“எதையும்தான்.”

“கொல்லாம? சொந்தக்காரன் மாதிரி உக்கார வச்சு சோறு போடுவியா?”

“செத்தது எத்தனை இருந்தாலும் பொறுக்குறேன். உசுரோட இருக்கிறதைத் தொடமாட்டேன்.”

பள்ளிக்கூடத்தில் எவளோ ஒரு டீச்சர் இலைதழை தின்னச் சொல்லிக் கெடுத்திருக்கிறாள் என்று டுவேன் நினைத்துக்கொண்டார். ஒரு மாசத்தில் தெளியும் என்று விட்டுவிட்டு, நோஞ்சான்களின் கழுத்தைத் தானே திருகத் தொடங்கினார்.

தெளியக்கூடிய விஷயமில்லை அது. போன இலையுதிர்காலத்தில் பக்கத்து டவுன் மாலில், அம்மா செருப்பு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சமையல் புத்தகங்களுக்கும் ராசிபலனுக்கும் நடுவிலிருந்து ஷானா ஒரு புத்தகத்தை எடுத்தாள். விக்கா என்று போட்டிருந்தது, கீழே சின்ன எழுத்தில் ‘சூனியக்காரிகளின் மதம்’ என்று. கடவுள் பெண்ணாகவும் இருக்கலாம் என்று இருந்தது. நிலா தேய்வதும் வளர்வதும், விதை முளைப்பதும், இலை உதிர்வதும்தான் வழிபாடு என்று இருந்தது. அதற்கெல்லாம் முந்திய சட்டம், எதற்கும் கெடுதல் செய்யாதே என்பது. மற்றதையெல்லாம் அவள் மெதுவாகத்தான் நம்பினாள். அந்தச் சட்டத்தை மட்டும் படித்த மறுநாள் காலையிலேயே வாளியோடு போய் நின்றபோது நம்பிவிட்டாள். அன்றைக்குக் கையில் பிடித்த நோஞ்சானைக் கீழே இறக்கிவிட்டாள். அது ஒன்றும் நன்றி சொல்லவில்லை, அவள் பூட்ஸ் மேல் எச்சமிட்டுவிட்டுப் போனது.

வேலிக் கம்பியை இடுக்கியால் வளைத்து, புத்தக அட்டையில் இருந்த மாதிரியே வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை அவளே செய்து, ஷூ கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சட்டைக்கு உள்ளேதான், கயிறு மட்டும் காலரில் எட்டிப்பார்க்கும்.

ஏப்ரலில் அம்மா நெல்டா தண்ணீர்க் குழாய் தேடி பம்ப் அறைக்குள் போனாள். ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டில் உப்பு, பாதி எரிந்த வெள்ளை மெழுகுவத்தி, ஓடைக் கல், ஜாம் பாட்டிலில் பூத்த மரக்கிளை ஒன்று. பக்கத்தில் புத்தகம். ரெண்டு பக்கம் புரட்டினாள். கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் புருஷனிடம் போயிருப்பாள். நெல்டா சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தாள். ஹிக்கரி ஓடை பாப்டிஸ்ட் சபையில் கஷ்டம் வந்த பெண்கள் செய்வது அதைத்தான். முதலில் மிஸ் ஒலீட்டாவைக் கூப்பிடவேண்டும். அவள் ரெண்டு பேரைக் கூப்பிடுவாள், அவர்கள் ஆளுக்கு ரெண்டு பேரை. சாயங்காலத்துக்குள் சபை முழுக்க முழங்காலில் இருக்கும். ஜெபச் சங்கிலி என்று பெயர். விவரம் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘வெளியே சொல்லாத பாரம்’ என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் கேட்கக்கூடாது. ஒலீட்டா கேட்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

“சொல்லவேணாம் நெல்டா, சொல்லவே வேணாம். உடம்புக்கா?”

“இல்ல, மிஸ் ஒலீட்டா.”

“டுவேன் திரும்பக் குடிக்கிறானா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல. ஷானாதான்.”

“வயித்துலயா?”

“இல்லவே இல்ல! அவ ஒரு மாதிரி மதத்துல... விக்கான்னு போட்டிருக்கு.”

“சூனியம்!” போனில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. “என்னென்ன இருந்துச்சு அங்க?”

“மெழுகுவத்தி. உப்பு.”

“கோழி?”

“கோழிதான் எங்ககிட்ட கொட்டிக் கிடக்கே,” என்றாள் நெல்டா. அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் தீவன லாரி வந்தது. ஓட்டுகிறவன் ஹாய்ட். வாயாடி, ஆனால் மனசில் விஷம் கிடையாது. குழாயைத் தொட்டியில் மாட்டிவிட்டு ஷானா பக்கம் வந்தான்.

“ஒரு சந்தேகம் ஷானா. சூடாக் குடிப்பியா, ஆற வச்சா?”

“எதைண்ணே?”

“ரத்தத்தை. அமாவாசைக்கு அமாவாசை கருப்புக் கோழி அறுக்குறியாமே. எங்க அத்தைக்கு போன் வந்துச்சு. அம்மாவுக்கும் வந்துச்சு. அம்மாவுக்கு வர்றதுக்குள்ள கோழி ஆடாயிடுச்சு.”

“எங்க கொட்டகையில கருப்புக் கோழி ஏது? எல்லாமே வெள்ளை.”

“அதைத்தான் நானும் சொன்னேன். தீவனம் கொட்டுறவன் சொல்றான், எவ கேக்குறா? நான் உன் கூட்டுன்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

ஷானாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் கோபம் வந்தது. வந்த கோபம் பிறகு போகவேயில்லை.

அன்று சாயங்காலமே போதகர் ஹார்லன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். ஷானா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஓடையில் அவளை முக்கி ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். நெல்டா ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். பாதி தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஷானா, ஞாயித்துக்கிழமை அழைப்புப் பாட்டு பாடும்போது நீ முன்னாடி வரணும். கழுத்துல என்ன வச்சிருக்கியோ அதைப் பீடத்துல வச்சிரு. நாங்க எல்லாரும் உன்மேல கைய வச்சு ஜெபிப்போம். அத்தோட முடிஞ்சுது, அப்புறம் யாரும் வாயத் திறக்கமாட்டாங்க.”

“வராட்டி?”

ஹார்லன் டுவேனைப் பார்த்தார். டுவேன் மேசையைப் பார்த்தார். டுவேன் சபையில் டீக்கன், சபைக் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பாளர்களில் ஒருவர். கூரை போட்டதில் பாதி அவர் கை. தன் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை நடத்தக்கூடாது என்பது அந்த ஊரில் எழுதி ஒட்டவேண்டிய சட்டமில்லை.

“வராட்டி உங்கப்பா அந்த இடத்துல இருக்க முடியாதும்மா,” என்றார் ஹார்லன்.

“பிரதர் ஹார்லன், நான் ஏழு வயசுல முன்னாடி வந்தப்ப பொய்யா வரலை. தண்ணி ஐஸா இருந்துச்சு, பல்லு அடிச்சுக்கிச்சு, ஆனா மனசு நெஜம். இப்ப வரச் சொல்றீங்க, பொய்யா. எது பெரிய பாவம்?”

“வாயப் பாரு இவளுக்கு,” என்றாள் நெல்டா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போதகர் போனதும் டுவேன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, செத்த கோழிகளை எரிக்கும் உலைப்பக்கம் போனார். திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“எரிச்சிட்டேன்.”

“சரிப்பா. நான் படிச்சு முடிச்சாச்சு.”

“நான் உன்கிட்ட அதிகமாக் கேக்கலை. பத்து அடி நடக்கணும். ஒரு கம்பியைக் கீழ வைக்கணும். எனக்காக.”

அவர் கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சுகிற அப்பாவை அவள் பார்த்ததில்லை.

“வேற என்ன கேட்டாலும் செய்யறேம்பா,” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இடமில்லை. வருஷத்துக்கு ஒருதரம் ஈஸ்டருக்கு வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் கூட்டு விருந்து. பக்கத்துக் கூடத்திலிருந்து வறுத்த கோழி வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருந்தது. பிரசங்கம் முடிந்தது. பியானோ தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்று, மனந்திரும்புகிறவர்களை முன்னால் கூப்பிடும் அழைப்புப் பாட்டைப் பாடினார்கள். ஒரு சரணம் முடிந்தது. யாரும் வரவில்லை.

“இன்னும் ஒரே ஒரு சரணம்,” என்றார் ஹார்லன். “யாரோ ஒருத்தர் இங்க போராடிக்கிட்டிருக்கீங்க.”

யார் அந்த ஒருத்தர் என்று எல்லோருக்கும் தெரியும். தலையைக் குனிந்தபடியே அத்தனை கண்ணும் புரூவிட் குடும்பத்து பெஞ்சைப் பார்த்தது. பாட்டு தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சின்னப்பிள்ளைகள் பசியில் சிணுங்கின. ஒலீட்டா கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். நெல்டாவின் விரல்கள் ஷானாவின் முழங்கையைப் பிடித்திருந்தன. தள்ளவும் இல்லை, விடவும் இல்லை.

ஷானா அம்மாவின் கையை எடுத்துவிட்டு நடைபாதையில் இறங்கினாள்.

“ஆமென்!” என்று ஒரு கிழவர் கத்தினார். ஹார்லன் முகம் மலர்ந்து, ரெண்டு கையையும் நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பியானோ தணிந்தது. முன்னால் வருகிறவர்கள் போதகர் காதில் சொல்லவேண்டும், அவர் அதைச் சபைக்கு அறிவிப்பார். அதுதான் அங்கே முறை. அவர் காதைச் சாய்த்தார்.

“வேணாம் பிரதர். நானே சொல்லிடறேன்,” என்று அவள் திரும்பி நின்றாள்.

“நான் மனந்திரும்ப வரலை. ஒரு விஷயத்தைச் சொல்லிட்டுப் போக வந்தேன். நான் எந்தச் சாமிக்கும் கோழி அறுக்கலை. ஆடும் அறுக்கலை. ஒன்பது வயசுலேர்ந்து தினமும் கோழிக் கழுத்தைத் திருகுனேன், அது கம்பெனிக்கு. அப்ப யாரும் எனக்காக ஜெபம் பண்ணலை, சங்கிலியில யாரும் போன் எடுக்கலை. நான் நிறுத்துனதுக்கப்புறம்தான் உங்களுக்கெல்லாம் பயம் வந்திருக்கு.”

பின்வரிசையில் ஹாய்ட் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தான். முடியவில்லை.

“விக்காங்கிறது நெஜம். அதை நான் மறைக்கலை. ரத்தம்கிறது மட்டும் பொய். சொன்னவங்க திரும்ப போன் பண்ணி அதையும் சொல்லிடுங்க, மிஸ் ஒலீட்டா.”

“கர்த்தாவே,” என்றாள் ஒலீட்டா.

“ஷானா, போதும். போய் உக்காரும்மா,” என்றார் ஹார்லன்.

“உக்காரத்தான் போறேன் பிரதர். எங்க வீட்டு பெஞ்சுலயே.”

வெளியே ஓடிவிடுவாள் என்று நினைத்தவர்கள் வாசலுக்கு வழிவிட்டு நின்றார்கள். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. போகும்போதே காலருக்குள் கையை விட்டு ஷூ கயிற்றை இழுத்து, கம்பி நட்சத்திரத்தைச் சட்டைக்கு வெளியே போட்டாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் விட்டு வந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். பியானோ வாசிப்பவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாட்டை இன்னொரு தரம் ஆரம்பித்துவிட்டாள்.

விருந்தில் அவர்கள் மேசைக்கு யாரும் வரவில்லை. ஹாய்ட் மட்டும் தட்டோடு வந்து உட்கார்ந்து, பேசாமல் பீன்ஸ் தின்றான். அவன் பேசாமல் இருந்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

சாயங்கால ஆராதனையில் காணிக்கை எடுக்கும் நேரம் வந்தது. இடப்பக்க வரிசைக்குத் தட்டு ஏந்துவது எப்போதும் டுவேன். எழுந்து முன்னால் போய்க் கையை நீட்டினார். ஹார்லன் அவர் கண்ணைப் பார்க்காமல், தட்டை அவருக்குப் பின்னால் வந்தவனிடம் கொடுத்தார். டுவேன் நீட்டிய கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஷானா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஆனாலும் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நெல்டா திரும்பாமலே கேட்டாள்.

“இப்ப சந்தோஷமாடி?”

“இல்லம்மா.”

“பின்ன எதுக்கு?”

“அங்க கம்பியைக் கழட்டி வச்சிருந்தா, இனிமே நான் எது சொன்னாலும் நானே நம்பமாட்டேன்.”

டுவேன் வண்டியை ஓட்டினார்.

மறுநாள் விடிந்ததும் ஷானா வாளியை எடுத்துக்கொண்டு மூன்றாம் கொட்டகைக்குப் போனாள். அப்பா ஏற்கெனவே உள்ளே நின்றார். கண்ணை எரிக்கும் நெடி, மரத்தூள், விசிறிச் சத்தம், எல்லாம் வழக்கம்போல.

“நீ செத்ததைப் பொறுக்கு,” என்றார். “மத்ததை நான் பாத்துக்குறேன்.”

ரெண்டு பேரும் வரிசையாக நடந்தார்கள். அவள் குனிந்து குனிந்து பொறுக்கினாள்.

“அதைச் சட்டைக்குள்ள போடு. உங்கம்மா பாத்துடுவா.”

“அம்மா பாத்தாச்சுப்பா. ஊரே பாத்தாச்சு.”

தண்ணீர்க் குழாயடியில் ஒரு நோஞ்சான் நின்றது. ஒரு கால் பக்கவாட்டில் மடிந்திருந்தது. டுவேன் அதைக் கையில் எடுத்தார்.

“அந்தப் பக்கம் திரும்பிக்க.”

“மாட்டேன்.”

“ஷானா.”

“நீங்க செய்யறதைச் செய்யுங்கப்பா. நான் திரும்பமாட்டேன்.”

ஆயுசில் எத்தனையோ ஆயிரம் கழுத்தைத் திருகிய கை அது. கண்ணை மூடிக்கொண்டே செய்வார். அன்றைக்கு மகள் பார்த்துக்கொண்டு நின்றாள், முதல் திருகில் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் திருகினார். வாளியில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வரிசைக்கு நடந்தார்.

கம்பி நட்சத்திரம் சட்டைக்கு வெளியே ஆட, ஷானா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அடுத்ததையும் பார்ப்பதற்கு.