ஒருமுறைகூட நிற்காத மாதம்

கார் வாங்கிய நாற்பத்தோராம் நாள், பாலத்து ஏற்றத்தில் அது திடீரென்று அணைந்தது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தத்தில் பின்சீட்டிலிருந்த மகள் அலறினாள். ஓட்டியவர் எலும்பு முறிவு வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் நர்ஸ். மகளை இறக்கி ஓரமாக நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது. மகள் மட்டும் மறுபடி ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் போனாள்.

அன்று மாலையே ஒரு தாளில் கட்டம் போட்டார். தேதி, நேரம், வேகம், வெயில், ஏசி, பெட்ரோல் முள் நின்ற இடம், திரும்பக் கிளம்ப எடுத்த நிமிடம்.

வார்டில் அவருக்கு ‘சார்ட் அக்கா’ என்று பெயர். காய்ச்சல் இறங்கிய நோயாளிக்கும் நாலு மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைப்பார். “நல்லா இருந்த நேரத்தை எழுதாம விட்டா, கெட்டது எதனால வந்துச்சுன்னு எங்க போய்த் தேடுவே?” என்று புதிதாக வந்த நர்ஸ்களைக் காய்ச்சி எடுப்பார். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு படுக்கையின் நிலையையும் சொல்லி, கேட்டுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்.

காரை சர்வீஸ் சென்டரில் விடும்போதும் அதையேதான் செய்தார். கவுன்டரில் இருந்த அட்வைசர் சிரித்தார்.

“மேடம், கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டோம். வண்டி குதிரை மாதிரி ஓடுது.”

“குதிரை நடுப்பாலத்துல படுத்துக்கிச்சுங்க, தம்பி. இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“நீங்க க்ளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்களோ என்னவோ!” என்றபடி, படிக்காமலேயே கையெழுத்தையும் முத்திரையையும் போட்டுத் தள்ளினார் அவர். எட்டு மாதத்தில் ஐந்து முறை இதே நாடகம். ஐந்து முறையும் சென்டர் கொடுத்த ரசீதில் ஒரே வரி: ‘வழக்கமான சர்வீஸ். கோளாறு இல்லை.’

காலைக் குளிரில், காலியான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதிய வரி அது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு இருட்டு இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதற்கு ஒரு நிறுவனமும், அதற்கொரு சீருடையும்!

வீட்டிலும் ஆளுக்கொரு கண்டுபிடிப்பு. “அந்தச் சாம்பல் நிறமே நமக்கு ராசியில்ல, அண்ணி” என்றார் நாத்தனார்.

“நிறத்துல கோளாறுன்னா பெயின்டர்கிட்ட போறேன். இது இஞ்சின் நிக்குது.”

ராசி என்று சொல்லிவிட்டால் யாருக்கு லாபம்? பழுதான பொருளை விற்றவனுக்குத்தான். அவன் செய்த தப்பை நாம் நம் தலையெழுத்தில் எழுதிக்கொள்கிறோம்.

நுகர்வோர் மன்றத்துக்குப் போக வக்கீல் தேவையில்லை என்பதை ஓய்வு நாளொன்றில் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டார். வாரண்டி என்பது கம்பெனி காட்டும் கருணை அல்ல, விலையோடு சேர்த்து நாம் வாங்கியது. சரிசெய்ய நியாயமான வாய்ப்புக் கொடுத்தும் அதே பழுது திரும்பத் திரும்ப வந்தால், வேறு கார் அல்லது முழு விலை கேட்க உரிமை உண்டு. ஆனால் பழுது இருக்கிறது என்பதைக் கேட்பவர்தான் காட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நான்காவது மாதத் தாளில் முப்பது கட்டத்திலும் ‘நிற்கவில்லை’ என்று எழுதியிருந்தது. கணக்கு வாத்தியாரான கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இதையும் சேர்த்துக் கொடுக்கப் போறியா? உன் கையாலேயே உனக்குக் குழி வெட்டிக்கிறியே! எடுத்து உள்ள வை.”

“ஓடினது நெசம்தானேங்க? பிடிக்காத டெம்பரேச்சரைக் கிழிச்சுப் போட்டா நோயாளி பிழைச்சிடுவாரா?”

விசாரணையில் கணவர் பயந்தபடியே நடந்தது. கம்பெனி வக்கீல் அந்த ஒரு தாளை மட்டும் உருவி, மன்றத் தலைவரான அம்மையார் முன் உயர்த்திப் பிடித்தார். “மேடம், மாதம் முழுக்க ஒருமுறைகூட நிற்கவில்லை என்று மனுதாரரே எழுதியிருக்கிறார். இதற்குமேல் நாங்கள் என்ன சொல்ல?” பின்வரிசையில் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பரப்பினார். “அந்த மாசம் என்னம்மா வித்தியாசம்?”

“தெரியலைங்க. இவரு பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாரு. அதனால பெட்ரோல் நான் போட்டேன். நான் டேங்க் ரொப்பிடுவேன். இவரு அஞ்சு அஞ்சு லிட்டராத்தான் போடுவாரு.”

அவையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பெட்ரோல் முள் கட்டத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு தாளாகக் கீழே இறங்கினார். கார் நின்ற பத்தொன்பது முறையும் முள் கால் டேங்குக்குக் கீழே. பத்தொன்பது முறையும் வெயில், ஊர்ந்து போகும் நெரிசல்.

காரைப் பொறியியல் கல்லூரிப் பட்டறைக்கு அனுப்ப உத்தரவானது. அங்கிருந்த விரிவுரையாளர் தாளைச் சமையல் குறிப்புபோல அப்படியே பின்பற்றினார். முழு டேங்கில் மூன்று நாள் ஊர்ந்தும் கார் நிற்கவில்லை. கால் டேங்குக்குக் கீழே, உச்சி வெயிலில், இருபத்தாறாவது நிமிடத்தில் அணைந்தது. மறுநாளும் இருபத்தாறு. டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதை மூழ்கடித்துக் குளிர்விக்கும் பெட்ரோல் குறைந்தால் சூடேறி நின்றுவிடுகிறது. ஆறினால் ஓடுகிறது.

இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அகப்படாததை, இஞ்சினைத் திறந்தே பார்க்காத ஒரு பெண் பேனாவால் பிடித்துவிட்டார். பழுதைக் காட்டிக்கொடுத்தது கார் நின்ற நாட்கள் மட்டுமல்ல, நிற்காத முப்பது நாட்களும்தான். தனக்கு எதிரான உண்மையையும் எழுதிவைக்கும் நேர்மைக்கு அறிவியல் என்று பெயர். அதை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை.

அடுத்த விசாரணையில் வக்கீல் கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். “எப்போதும் டேங்கை நிரப்பி ஓட்டியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.”

“கால் டேங்குல ஓட்டக் கூடாதுன்னு உங்க கையேட்டுல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?” என்றார் தலைவர்.

வக்கீல் உட்கார்ந்தார். சாட்சிக்கு வந்திருந்த அட்வைசர், ஐந்து கையெழுத்தும் தன்னுடையவைதான் என்று தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார். தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தலைவர் கேட்டார்:

“புதுக் காரா, கொடுத்த விலையா? எது வேணும்மா?”

“புதுக் கார்தான்!” என்று கணவர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

நர்ஸ், வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரியின் பக்கம் திரும்பினார். “புது வண்டியில அந்த பம்பை மாத்தியிருக்கீங்களா சார்?”

அதிகாரி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார்.

“அப்போ விலையே கொடுத்துடச் சொல்லுங்க, மேடம். இந்தத் தீர்ப்பை எனக்கு ரெண்டு பிரதியா கொடுங்க. இதே வண்டியை வாங்கினவங்க வேற எங்கேயாவது ஏதாவது பாலத்துல நின்னுக்கிட்டிருப்பாங்க. வண்டிப் பாதுகாப்பைப் பாக்குற துறைக்கு ஒண்ணை அனுப்பணும்.”