ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் அப்பாவின் பேச்சும்

சவரம் செய்ய உட்கார்ந்த அப்பா, இடது கன்னத்தை முடித்துவிட்டு, வலது கன்னத்தில் நுரையோடு என்னைப் பார்த்தார். ரேசர் தரையில் கிடந்தது. "இன்னா நைனா?" என்றேன். "சரி" என்றார்.

சேக்காட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது). வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே அஃபேசியா (மனதில் இருப்பது சொல்லாக வெளிவராத நிலை). வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால் டாக்டர் என்னிடம் சொன்னார்:

"சில பேருக்கு ஒரே வார்த்தைதான் மிஞ்சும் தம்பி. ஆமான்னாலும் அதான், இல்லைன்னாலும் அதான். முகத்தைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும்."

அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். அமைதிப்படையோடு, போர் நடக்கும் ஒரு நாட்டுக்குப் போயிருந்தான். ஞாயிறுதோறும் கூப்பிடுவான். குரல் மட்டும் வரும், வீடியோ வராது.

"அவன் துப்பாக்கி புடிச்சிகினு நிக்கிறான். இத்த சொல்லி அவன் மனச ஒடைக்காத" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார்.

அதனால் போனை அப்பாவின் வாயருகே பிடித்தேன்.

"எப்டி கீற நைனா?"

"சரி."

"இன்னா, ஒத்த வார்த்தயில முடிக்கிற? திட்டக்கூட மாட்ற. எனக்கு பயந்துட்டியா?"

அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். ஐந்து ஞாயிறு இப்படியே ஓடியது. சமாளித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆறாவது ஞாயிறு அவன் சிரிக்கவில்லை.

"நைனா, இங்க சண்ட ஜாஸ்தியாயிட்சு. அடுத்த மாசம் நான் ஊட்டுக்கு வந்துர்லாம். இல்லாட்டி இன்னும் ஆறு மாசம் இருக்கேன்னு எழுதிக் குடுக்கணும். கூட இருக்கிற பசங்க குடுத்துட்டானுங்க. நீ வான்னா வந்துர்றேன். இருக்கட்டா?"

அப்பா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணில் நீர் கொட்டியது. இடது கையால் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். வாய் மட்டும் "சரி, சரி, சரி" என்றது.

நான் பேசியிருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நேரம்தான்.

"நீயே சொல்லிட்ட. போதும் நைனா" என்றான். லைன் போய்விட்டது.

நாங்கள் கூப்பிட்டால் அங்கே கிடைக்காது. உண்மை முழுவதையும் மெசேஜில் எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. "கையெழுத்துப் போட்டாச்சுடா. ஏன்டா மொதல்லயே சொல்லல?"

அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. அந்த முகாமுக்கே தொடர்பு அறுந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், தூரத்தில் இருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் மனம் உடையும்தான். ஆனாலும், எடுக்கும் முடிவு தெரிந்து எடுத்ததாக இருக்கும்.

பேச்சுப் பயிற்சியில் போன வாரம் அப்பாவுக்கு இரண்டாவது வார்த்தை வந்தது. "வேணாம்." பயிற்சி தரும் பெண் கைதட்டினார், நல்ல முன்னேற்றம் என்று சீட்டில் எழுதினார். கஞ்சிக்கும் மாத்திரைக்கும் அப்பா அதையே சொல்கிறார். ஞாயிறு காலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப, மிகத் தெளிவாகச் சொல்கிறார்.

அங்கே இப்போது மணி என்ன என்று கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த ஆறாவது ஞாயிறு இன்னும் முடியவில்லை.