கோழி அடித்த வீடு

ட்ரோன் பற்றி யாராவது பேச்செடுத்தாலே தராஸ் கானுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லையோர மலையூரான மிரான்ஷாவின் கடைத்தெருவில் பழைய டயர் விற்பவர். டயரைப் பற்றிக் கேளுங்கள், பொழுது சாயும்வரை பேசுவார். ஆனால் பெஷாவரிலிருந்து வருகிறவன், லாகூரிலிருந்து வருகிறவன், கேமராவோடு வருகிறவன், பேனாவோடு வருகிறவன் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "கான் சாஹிப், நீங்க ட்ரோனை ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா?"

"மேல ராப்பகலா ஒண்ணு ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கு. கீழ ஒருத்தன் துப்பாக்கியோட வந்து ரொட்டி கேக்குறான். இதுல நான் எவனுக்கு ஓட்டுப் போடணும்?" என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதைக் கேட்டால் எந்தப் பக்கம் பிடிக்கும் என்று சொல்லும்? வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள், பச்சைத் தேநீரைக் குடிப்பார்கள், மறுபடி அதையே கேட்பார்கள்.

நடந்தது இதுதான். போன வருஷம் அக்ரூட் உதிர்கிற காலத்தில், ஒரு மாலை, துப்பாக்கி வைத்த நாலு பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ரொட்டி கேட்டார்கள். தராஸ் கான் டயர் வாங்க பன்னு நகரத்துக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவன் தம்பி ஸர்வலி. விறகு லாரி ஓட்டுகிறவன், தான் உண்டு தன் லாரி உண்டு என்று இருந்தவன். கதவைத் தட்டியவனிடம் நீ யார், எந்தக் கூட்டம் என்று விசாரிக்கிற வழக்கம் அவர்களுடைய வஜீரி இனத்தில் கிடையாது. வந்தவர்களை விருந்தினர் அறையில் உட்காரவைத்தான், உள்ளே கோழி அடித்தார்கள். விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுகிற வழக்கமும் கிடையாது. ஆகவே அவனும் கூட உட்கார்ந்தான். தட்டு காலியாவதற்குள் அந்த அறையின் மேல் குண்டு விழுந்தது.

'ஐந்து தீவிரவாதிகள் கொல்லப்பட்டனர்' என்றது ரேடியோ. வந்தது நாலு பேர். ஐந்தாவது ஆள் யார் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஸர்வலியின் மகளைப் பேசி முடித்திருந்த வீட்டார் அரசாங்கக் காவல்படைக்காரர்கள். "அந்தப் பேரு போகட்டும், அப்புறம் கல்யாணத்தப் பாக்கலாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ஸர்வலியின் மனைவி பக்த்மினா தராஸ் கானிடம் வந்து நின்றாள். கணவனின் அண்ணனை அவள் லாலா என்றுதான் கூப்பிடுவாள். "லாலா, நஷ்டஈடு அது இதெல்லாம் எனக்கு வேண்டாம். அவரு பேரு மேல ஒட்டியிருக்குற அந்த ஒரு வார்த்தைய எடுத்துக் குடுங்க, போதும்."

அதற்காகத்தான் இஸ்லாமாபாத் ஓட்டலில் நடந்த விவாதக் கூட்டத்துக்கு அவர் போனார். டிவியில் வரும், ரேடியோவில் வரும் என்று அழைத்த வக்கீல் சொல்லியிருந்தார். தராஸ் கானுக்கு ஒரு பக்கம் அந்த வக்கீல், மறுபக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். வக்கீல் நாட்டின் இறையாண்மை என்றார். அதிகாரி தேசப் பாதுகாப்பு என்றார். இருவரும் அவர் மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நிகழ்ச்சி நடத்துகிறவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கடைசியில் அவர் பக்கம் மைக் வந்தது. "என் தம்பி விறகு லாரி ஓட்டுனான்" என்று ஆரம்பித்தார்.

"அது சரி, கான் சாஹிப்" என்று குறுக்கிட்டான் நிகழ்ச்சி நடத்துகிறவன். "நீங்க ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா?"

"அவன் எந்தக் கூட்டத்துலயும் இல்லன்னு சொல்றேன்."

அதிகாரி மெல்ல அவர் பக்கம் திரும்பினார். குரலில் அத்தனை மரியாதை. "ஒரே ஒரு கேள்வி, கான் சாஹிப். அன்னிக்கு அந்த ஆளுங்களுக்கு உங்க வீட்டுல சாப்பாடு போட்டீங்களா?"

இது ஒரு கேள்வியா? வஜீரி ஒருவனிடம் இதைக் கேட்டால் அவன் நெஞ்சு தானாக நிமிரும். 'இல்லை' என்று சொல்வதற்குப் பதில் அவன் நாக்கை அறுத்துக்கொள்வான். "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? கோழி அடிச்சுப் போட்டோம். என் வாசலுக்கு வந்தவன் எவனும் பசியோட திரும்பிப் போனதில்ல" என்றார் தராஸ் கான்.

அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார். வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தவளை தன் வாயால் கெட்டது என்பது தவளைக்கு மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வக்கீல் பொரிந்து தள்ளினார். "மிரட்டிச் சாப்பாடு வாங்குனாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மிரட்டினா ரொட்டி போடலாம். மிரட்டினா எவனாவது கோழி அடிப்பானா?"

வக்கீல் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் வந்து சேருவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. பக்த்மினா ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"லாலா, அந்தக் கோழிய அடிச்சதே நான்தான். எனக்குத் தெரியாதா? அத அங்க போயி மார்தட்டிச் சொல்லணுமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சம்பந்தமே வேண்டாம்னு மத்தியானமே துணிமணியெல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க."

"போடலன்னு பொய் சொல்லச் சொல்றியா? பட்டினியா அனுப்புனோம்னு நாடே கேக்குற மாதிரியா?"

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அதிகாரி மேல், வக்கீல் மேல், வந்து தின்றுவிட்டுச் செத்த நாலு பேர் மேல், வானத்தில் இருப்பவன் மேல். யாரைத் திட்டினாலும் கடைசியில் தன் வாயில்தான் வந்து முடிந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். பக்த்மினா தந்தூர் அடுப்புக்குப் போய் மாலை ரொட்டியைத் தட்ட ஆரம்பித்தாள். அந்தி சாய்ந்துகொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. "வழிப்போக்கன்மா. கொஞ்சம் ரொட்டி" என்றது ஒரு குரல்.

தராஸ் கான் பழக்கத்தில் எழுந்துவிட்டார். ஆனால் பக்த்மினா மாவுக் கையோடு அவருக்கு முன்னால் கதவை எட்டிவிட்டாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"இந்த வீட்டுல ரொட்டி இல்ல" என்றாள்.

சுடுகிற ரொட்டியின் வாசனை மதிலைத் தாண்டித் தெருவரைக்கும் போய்க்கொண்டிருந்தது. வெளியே நின்றவனுக்கும் அது எட்டியிருக்கும். பிறகு ஒரு கிழட்டு இருமல் கேட்டது. "அல்லா உங்களுக்கு நிறையக் குடுக்கட்டும்" என்றது குரல். செருப்பு தேய்கிற சத்தம் மெல்ல விலகிப் போனது.

ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். கிழவன் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டான். அவமானத்தில் தராஸ் கானுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் திரும்பவும் கட்டிலில் உட்கார்ந்தார். பக்த்மினா ரொட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்தவனுக்குச் சாப்பாடு போட்டீர்களா என்று இனி யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லலாம். பொய்யாகவும் இருக்காது.