சோடாக் கோலியும் ஈரிழைத் துண்டும்

"இதுல புதுசு எது?"

தென்காசிக் கோயில் வாசலில் காற்று ஆளையே தள்ளுகிறது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு தகரக் கருவியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறார் நாறும்பூநாதன். காய் சீவும், துருவும், பூப்பூவாக வெட்டும் கருவி. "பம்பாய் மாடல் சார், புத்தம் புதுசு!" என்று அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வியாபாரி, இந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டார்.

"சீவுததுக்கு ஒரு தகடு, அது முன்னாலயே இருக்கு. துருவுததுக்கு ஒரு தகடு, அதுவும் இருக்கு. ரெண்டையும் ஒரே பலகையில வச்சு ஆணி அடிச்சிருக்கீரு. ஆணி எங்க தாத்தா காலத்துலயே உண்டு. அப்போ புதுசு எதுவே?"

"கலரு சார்" என்றார் வியாபாரி பரிதாபமாக.

"கலர் செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லி, கருவியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கிறார். கூடவே வரும் மனைவி குழல்வாய்மொழி, அவர் முதுகுக்குப் பின்னால் அதில் ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு வருஷமும் இதே வாசலில் இதே கூத்துதான் நடக்கிறது.

நாறும்பூநாதனுக்கு மெட்ராசில், காப்புரிமை அலுவலகத்தில் வேலை. "நான் ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறேன், வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது" என்று ஒருவர் சர்க்காருக்கு எழுதிப் போட்டால், உலகத்தில் இதற்கு முன்னால் யாராவது அதைச் செய்திருக்கிறார்களா என்று துருவிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். செய்திருக்கிறார்கள் என்று காட்டிவிட்டால் விண்ணப்பம் விழுந்தது. காட்டுவதில் மன்னன். ஜெர்மனியில் எவரோ எந்தக் காலத்திலோ அச்சிட்ட படத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து மேஜையில் வைப்பார். முதல் பார்வையில் "ஆட்சேபம் இல்லை" என்று அவர் எழுதியதாகச் சரித்திரமே கிடையாது என்று ஆபீசில் சொல்கிறார்கள்.

சாரல் தொடங்கியதும் லீவு போட்டுவிட்டு மனைவியோடு மாமனார் வீட்டுக்கு, தென்காசிக்கு வந்துவிடுவார். வந்த செய்தி பரவியதும் ஊரில் உள்ள கண்டுபிடிப்பெல்லாம் வாசலுக்கு வரும். பலாப்பழம் உரித்தால் கையில் பால் ஒட்டாத உறை, எலி தானாகவே பூட்டிக்கொள்ளும் எலிப்பொறி, பால் பொங்கினால் மணி அடிக்கும் மூடி. எல்லாவற்றையும் ஆசையாகத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு. தைரியமா ஊரைக் கூட்டிக் காட்டும். பழசுதான்" என்பார். அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. புதுசாக இருந்தால் விண்ணப்பம் கொடுக்கும்வரை யார் கண்ணிலும் படாமல் மூடி வைக்க வேண்டும். நாலு பேர் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டால், ஒரு படம் வெளியே போய்விட்டால், புதுசு என்ற பேச்சே போயிற்று. பழசுக்கு அந்தப் பயம் இல்லை.

தொழில் வீட்டுக்குள்ளும் வரும். காப்புரிமைக் கோரிக்கையை எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியத்தில்தான் எழுத வேண்டுமாம். காலையில் காப்பி கேட்பதும் அப்படியே: "ஒரு டம்ளரும், அதனுள் முக்கால் பாகம் அடங்கிய ஒரு திரவமும் கொண்டதாய், மேற்படி திரவம் சூடாய் இருப்பதைச் சிறப்பாய் உடையதாய் ஒண்ணு கொண்டா." குழல்வாய்மொழி ஆறிப்போன காப்பியைக் கொண்டுவந்து வைத்து, "மேற்படி சிறப்பு மட்டும் இல்ல" என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு குறை. பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு எப்படிய்யா?" என்று பெரியவர்கள் கேட்டதற்கு, "எங்க அம்மை மாதிரியே இருக்கா" என்றாராம் மாப்பிள்ளை. "அப்பமே எனக்கும் முன்னால ஆள் இருக்குன்னு சொல்லிட்டாக" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக் காட்டுகிறார். புதுச் சேலை, புதுக் குழம்பு, புது வீடு, எதற்கும் 'புதுசு' என்ற சொல் கணவர் வாயிலிருந்து வந்ததில்லை. இந்த மனிதர் ஒரு பொருளையாவது புதுசு என்று ஒத்துக்கொண்டால், ஆய்க்குடி முருகனுக்கு, படிக்கட்டில் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் படிப் பாயசம் போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். அந்த நேர்த்திக்கடன் வருஷக் கணக்கில் நிற்கிறது.

எண்பத்தோராம் வருஷத்துச் சாரலுக்கு வந்தபோது நாறும்பூநாதனுக்கு நிம்மதி இல்லை. அந்த வருஷம் அவர் மேஜைக்கு வந்ததெல்லாம் செயற்கைத் தசை. யாருக்கு எங்கே பொறி தட்டியதோ, ஒருவர் பின் ஒருவராக எழுதிப் போட்டுவிட்டார்கள். சங்கதி இதுதான்: கயிற்றைப் பின்னிச் செய்த ஓர் உறைக்குள் ரப்பர் குழாய். குழாயில் காற்றை அடைத்தால் அது பருக்கும். பருக்கப் பருக்க உறை நீளத்தில் சுருங்கி, நுனியில் கட்டிய கம்பியை இழுக்கும். நம் கைச் சதை செய்கிற காரியமும் அதுதான். நாறும்பூநாதன் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினார், பழசு என்று எழுதினார், வரிசையாக வீழ்த்தினார்.

அப்படி வீழ்ந்தவர்களில் ஒருவர் சுரண்டை ஏசுதாசன். கலர் சோடாக் கம்பெனி வைத்திருப்பவர். பாட்டில் வெடித்து இடது முன்கையில் நரம்பு அறுந்து, விரல் மடங்காமல் போனது. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. சைக்கிள் ட்யூபையும் நைலான் கயிற்றையும் வைத்துத் தனக்குத் தானே ஒரு "ரப்பர் சதை" செய்து, தோல் பட்டையால் முன்கையில் கட்டி, சோடா கேஸை ஊதி விரலை மடக்கினார். காப்புரிமை வாங்கி வந்தால் ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில்தான் ஆட்சேபக் கடிதம் போனது. ஆடி முடிவதற்குள் தக்க பதில் வராவிட்டால் விண்ணப்பம் செத்துப்போகும்.

கடிதத்தின் அடியில் இருந்த பெயரை ஏசுதாசன் பார்த்தார். நாறும்பூநாதன் என்று திருநெல்வேலி ஜில்லாவைத் தவிர வேறு எங்கே பெயர் வைப்பார்கள்? தென்காசி பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார். நேரே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிவிட்டார்.

விண்ணப்பம் போட்டவரை, அதை ஆராயும் அதிகாரி தனியாகப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை யோசனை சொல்லக் கூடாது. நாறும்பூநாதன் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "ஆபீசுக்கு எழுதிப் போட்டுத் தேதி வாங்கிட்டு வாரும்!" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒரே ஒரு தடவை பாத்துருங்க சார்வாள்! பழசுன்னு உங்க வாயால சொல்லிட்டா, வீட்டுல போயிப் பேசாமக் கெடப்பேன்."

"பாக்கமாட்டேன்வே! பாத்தா எனக்கு வேல போயிரும்!"

குழல்வாய்மொழி ஏசுதாசனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். அத்தோடு விட்டது என்று நினைத்து, மறுநாள் தம்பதியர் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, பட்டாபட்டி நிக்கரோடு அருவிக்குள் நுழையப்போன நாறும்பூநாதன் திரும்பிப் பார்த்தால், வழுக்குப் பாறையில் கையை உயர்த்திக்கொண்டு ஏசுதாசன் வருகிறார். தோளில் ஒரு சின்ன சிலிண்டர் தொங்குகிறது.

அருவியைவிடப் பத்திரமான இடம் ஏது? நாறும்பூநாதன் ஒரே பாய்ச்சலில் தண்ணீருக்குள் போய்விட்டார். கண்ணைத் திறக்க முடியாது, காதில் ஒன்றும் விழாது. சர்க்கார் ஊழியருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஜனங்கள் பின்னாலிருந்து நெட்டினார்கள். "ஏ பெரியவரே, உள்ள குடியிருக்கவா போறீரு?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். உடம்பு வெடவெடக்கும்வரை நின்று பார்த்து, வேறு வழியில்லாமல், கண்ணை இறுக மூடியபடியே வெளியே வந்து கையை நீட்டினார்.

"குழலு, துண்டு."

துண்டு கைக்கு வந்தது. இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். மறுமுனையை யாரோ விடாப்பிடியாகப் பிடித்திருந்தார்கள். மனைவியின் விளையாட்டு என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், எதிரே ஏசுதாசனின் இடது கை. மடங்காத விரல்கள் ஐந்தும் மடங்கி, ஈரிழைத் துண்டின் முனையைக் கவ்விக்கொண்டிருந்தன. அந்தண்டையில் குழல்வாய்மொழி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். துண்டு கைமாறிய விதம் அதிலேயே தெரிந்தது.

பார்த்ததுதான் பார்த்தாயிற்று. நாறும்பூநாதனின் கண் பழக்கதோஷத்தில் குழாயின் வழியே சிலிண்டரைத் தேடிப் போனது. சிலிண்டர் தனியாகப் பாறையில் கிடந்தது. இரண்டுக்கும் இணைப்பே இல்லை.

"கேஸ் எங்கவே?"

"அது அப்பமே கழட்டியாச்சு சார்வாள்."

"அப்போ எப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கு? கேஸ் வந்துக்கிட்டே இருந்தாத்தான பிடி நிக்கும்?"

"கோலி இருக்குல்லா" என்றார் ஏசுதாசன்.

ரப்பர் சதையின் வாயில் சோடா பாட்டிலின் கழுத்தையும் அதற்குள் ஒரு கண்ணாடிக் கோலியையும் பொருத்தியிருந்தார். உள்ளே போன கேஸே கோலியை நெட்டி வாயை அடைத்துக்கொள்கிறது, கடையில் விற்கிற சோடா பாட்டிலில் அடைக்கிற அதே மாதிரி. வலது கட்டைவிரலால் லேசாக அமுக்கினார். 'புஸ்' என்றது, விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. இன்னும் அமுக்கினார். 'டப்' என்றது, துண்டு விடுபட்டது.

நாறும்பூநாதனின் மனம் உலகம் முழுவதும் ஓடியது. அமெரிக்காக்காரன் கேஸை விட்டுக்கொண்டே இருந்தான். ஜப்பான்காரன் மின்சார வால்வு வைத்தான். சைக்கிள் வால்வு? அது பிடிக்கும், ஆனால் நினைத்த அளவுக்கு விடாது. ஜெர்மனி? கிடையாது. ஓடி ஓடிப் பார்த்தும் எங்கேயும் ஒரு கோலி அகப்படவில்லை. வயிற்றுக்குள் ஏதோ சிரிப்பு மாதிரி கிளம்பியது. சந்தோஷம்தான். ஆனால் அந்த மாதிரிச் சந்தோஷம் அவருக்குப் பழக்கமில்லை.

"விண்ணப்பத்துல இது இல்லியே... இந்தக் கோலிய ஏன்வே எழுதல?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கோலியவா? அத என்னத்துக்கு எழுத? சுரண்டையில ஒவ்வொரு கடையிலயும் கெடக்கு. சோடாக்காரன் கோலிய கண்டுபிடிச்சேன்னு சொன்னா ஊரு சிரிக்கும்லா?"

இந்தச் சத்தத்தில் சுற்றிலும் கூட்டம் சேர்ந்திருந்தது. "என்னவே அது, சோடா பாட்டில்லா? கையில கட்டியிருக்காரு!" என்று எண்ணெய்த் தலைகள் நெருங்கி வந்தன. அருவிக்கரையில் படம் பிடித்துக் கொடுக்கும் ஆவுடைநாயகம் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, காமிராவைக் கண்ணில் வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தக் கைய நல்லாத் தூக்கிப் பிடிங்க. கோலி தெரியட்டும். ஒரே ஒரு படம்!"

ஏசுதாசன் பெருமையாகக் கையைத் தூக்கினார். நாறும்பூநாதனுக்குச் சாரலிலும் வியர்த்தது. கூட்டம் கண்டது வெறும் சோடா பாட்டில்தான், ஆனால் கோலி வேலை செய்கிற விதம் தெரிய ஒரு படம் போதும். நாளைக்கு அது ஸ்டூடியோ வாசலில் தொங்கும். பிறகு எவர் வந்து எழுதிப் போட்டாலும் கோலி பழசாகிவிடும். மூடு என்று சொன்னால் அது யோசனை. யோசனை சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வாய் சர்க்காருடையது. துண்டு சொந்தத் துண்டு.

துண்டு பறந்தது. காமிரா 'க்ளிக்' என்றபோது அதில் விழுந்தது, சிவப்புக்கரைத் துண்டு சுற்றிய ஏதோ ஒரு மூட்டையும், பட்டாபட்டி நிக்கரோடு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தொப்பையும்தான். கூட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது.

ஏசுதாசனின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவு மோசமாவா இருக்கு சார்வாள்? நாலு பேரு பாக்கக் கூடாதுன்னு மூடிட்டீகளே?"

நாறும்பூநாதன் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். குழல்வாய்மொழிக்குத்தான் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது.

"அண்ணாச்சி, பழசா இருந்தா இவுக ஊரக் கூட்டிக் காட்டச் சொல்லுவாக. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேன், எதையும் மூடுனதே கெடையாது. வீட்டுக்குப் போனதும் கோலிய எழுதி அனுப்புங்க. நான் சர்க்கார் உத்தியோகம் பாக்கல, நான் சொல்லலாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "ஏ, ஆய்க்குடி பஸ்சு எங்கன நிக்கும்?"

சாரல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. உடம்பைத் துடைக்கத் துணியில்லாமல் நாறும்பூநாதன் பல் கிட்டித்துப்போய் நின்றார். ஏசுதாசனின் முழங்கைப் பக்கம் துண்டு விலகி, கோலி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நாறும்பூநாதன் குனிந்து, அந்த முனையை எடுத்து, நன்றாக உள்ளே செருகிவிட்டார்.