பாதி விரலுக்கு ஒரு வேலை

பட்டறையில் அந்தத் தச்சரை 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கண்டாலும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். அப்படி அளந்தவரையே ரம்ப மெஷின் ஒரு நாள் ஏமாற்றி, இடது கை நடுவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது.

விரலைவிடக் கிட்டார் வாசிப்பு போனதுதான் அவருக்கு வலித்தது. சாயங்காலமானால் அவர் வாசிப்பார், மனைவி பாடுவாள். காயம் ஆறியும், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு எதையும் பிடிக்க வரவில்லை. கிட்டார் அலமாரி மேல் ஏறியது, அவளும் பாட்டை மூட்டை கட்டிவிட்டாள். கேட்டால், "தொண்டை சரியில்ல" என்பாள். அவளை மறுபடி பாடவைக்க வேண்டும், டேப்புக்கு வேறு ஆசை கிடையாது.

ஒரு விடுமுறை நாளில் கிட்டாரை இறக்கினார். வாசிக்க முடியாவிட்டால் என்ன, அளக்கலாமே! கம்பியின் இரு முனைக்கும் டேப்பை ஓட்டினார். சரிபாதியில், கிட்டார் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவது ஃப்ரெட். அங்கே அழுத்தினால் வெறும் கம்பியின் அதே சுரம், மேல் ஸ்தாயியில். ஆக்டேவ் என்கிறார்களே, அது இதுதானா!

அதே கீழ்-மேல் சுர ஜோடி பக்கத்துக் கம்பிகளிலேயே கிடைத்தது. தடித்த கம்பியில் ஆள்காட்டி விரல். ஒரு கம்பி விட்டு, இரண்டு ஃப்ரெட் தள்ளி மோதிர விரல். இடையில் உள்ள கம்பி சத்தம் போடாமல் இருந்தால் போதும். அதன்மேல் பாதி விரல் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் தச்சுப் புத்தி விடுமா? ஒரு பலகைக்கு எடுத்த அளவை எல்லாப் பலகைக்கும் வைக்கிற மாதிரி, அந்த 'இரண்டு தள்ளி'யையே எல்லாக் கம்பிக்கும் வைத்தார். மெல்லிய கம்பிகளுக்கு வந்ததும் பல் கூசியது.

"ஏங்க, மேல் சுரம் சேரவே இல்லயே. இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க!" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"அளவு சரியாத்தான் இருக்கு."

"அளவ யாரு கேட்டா? காதுல கேளுங்க!"

மூன்று ஃப்ரெட் தள்ளினார். இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டன. மெல்லிய பக்கமிருந்து இரண்டாவது கம்பியின் சுருதி மட்டும் தனிக்கணக்கு, மற்றவற்றைவிட ஒரு ஃப்ரெட் குறைத்துக் கூட்டுவது; வருஷக்கணக்காகச் சுருதி கூட்டிய மனிதருக்கு அது மறந்தே போயிருந்தது.

பழைய பாட்டை மெதுவாக எடுத்து, கட்டைக் குரலில் முனகினார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், அதே அடியை மேல் ஸ்தாயியில் பாடினாள். அவர் கை நின்றுவிட்டது.

"தொண்டை சரியாயிடுச்சா?"

"தொண்டைக்கு என்ன கேடு? உங்க கையப் பாத்துட்டு எனக்குப் பாட வாய் வரல, அவ்வளவுதான்," என்றாள். "ஏன் நிறுத்திட்டீங்க? வாசிங்க."