சீல் குத்தாத முத்திரை

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகன் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பான். மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டும் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கல்யாணக் கார்ட்டின் உறை ஏன் தொங்குகிறது? மூலையில் மஞ்சள் பூசிய சாதாரண உறை. முத்திரை, அதாவது தபால்தலை, ஒட்டியிருக்கிறது, ஆனால் சீல் குத்தவில்லை. தபாலில் போகாத உறைக்கு முத்திரை எதற்கு?

மகளுக்குப் பாதிக் கதை தெரியும். அவளும் அதில் இருந்தவள். மகன் அப்போது தள்ளுவண்டியில் இருந்தான். இரண்டு பேருக்குமாகவே எழுதுகிறேன். நான் பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன், அதிலும் தமிழுக்குச் சாதாரணத் தேர்ச்சிதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது நான் அதற்குப் பக்கத்து ஊரான இல்ஃபோர்டில் ஒரு கடையின் பின்பக்கத்தில் இருந்த தபால் கவுண்டரில் வேலை செய்தேன். கடையின் முன்பக்கத்தில் பால், பாண் ரொட்டி, பத்திரிகை. பின்பக்கத்தில் கண்ணாடிக்கு உள்ளே நான். வெள்ளைக்கார அம்மா ஒருவர் மாதம் ஒருமுறை ஒரு கட்டுக் கடிதங்களோடு வருவார். ஏதோ சின்னச் சங்கம், அதன் செய்திமடல். ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் நிறுத்து மற்றவற்றைக் கணக்கிட்டுக் கொடுப்பேன். அதில் அவருக்கு என்மேல் ஒரு பிரியம்.

அந்த நாட்களில் நம்முடைய படத்தைத் தபால் நிறுவனத்துக்கு அனுப்பினால், அதை முத்திரைக்குப் பக்கத்தில் சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். ஆட்கள் பிள்ளையின் படம், நாயின் படம் எல்லாம் போடுவார்கள். அந்த அம்மாவின் சங்கம் ஒரு வயதான மனிதரின் படத்தைப் போட்டிருந்தது. கழுத்துப்பட்டி, தடித்த மூக்குக்கண்ணாடி, வாரி விட்ட நரைமுடி. நான் யாரோ டொக்டர் அல்லது பாதிரியார் என்று நினைத்தேன்.

"உங்கள் தகப்பனாரா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

பிறகு சொன்னார். ஒரு காலத்தில் இந்த நாட்டில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் சிறை. வேலை போகும், வீடு போகும். அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி இந்த மனிதர் மந்திரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வருடக்கணக்காகக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு கடிதத்திலும் தன் சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதினார். அவர் இறந்த பிறகு நினைவாக அச்சடித்தது இந்த முத்திரைத் தாள். மிஞ்சிய ஒரு முத்திரையை அந்த அம்மா கிழித்து எனக்குத் தந்தார். வாங்கி மேசை லாச்சியில் இறப்பர் பட்டிகளுக்கு அடியில் போட்டேன்.

சொந்த முகவரி என்றது எனக்குள் தைத்தது. இலங்கையில் சண்டை நடந்தபோது ஊருக்குக் கடிதம் போட்ட காலத்தில், அனுப்புகிறவர் யார் என்று உறையின் பின்னால் எழுத எனக்குப் பயமாக இருந்தது. வழியில் யார் பிரிப்பார்களோ, என் அம்மாவை யார் போய் விசாரிப்பார்களோ என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்பினேன். இந்த மனிதர் சிறைக்கு அனுப்பும் சட்டம் இருக்கும்போதே முகவரி எழுதியிருக்கிறார்.

அன்று முழுக்க உங்கள் சித்தப்பாவின் நினைப்பாகவே இருந்தது.

சித்தப்பா ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். சமையல் குசினிக்கு அலுமாரி பொருத்துகிற வேலை. பார்க்கிங்கில் ஒரு பஸ் ஓட்டுநரோடு இருந்தான். நீங்கள் இப்போது அங்கிள் என்று கூப்பிடுகிறீர்களே, அவர்தான். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரு கணவன் மனைவி போல. எனக்கு அது தெரியும். என் அக்காவுக்கும், அதாவது உங்கள் மாமிக்கும் தெரியும். ஆனால் நாங்கள் வாயைத் திறந்து சொன்னதில்லை. "அவனோட வாடகைக்கு இருக்கிற ஆள்" என்று சொல்லிக்கொள்வோம். ஐந்து வருடத்தில் நான் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. உங்கள் பிறந்தநாளுக்குச் சித்தப்பா தனியாக வருவான், சாப்பிடுவான், தனியாகப் போவான்.

அந்த வருடம் மாமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணை மணவறைக்கு இரண்டு பக்கமும் தாய்மாமன்மார் கூட்டி வருவது எங்கள் வீட்டு வழக்கம். மாமன்மார் என்று நானும் சித்தப்பாவும்தான் இருந்தோம்.

கார்ட் கொடுப்பதிலும் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கிட்ட இருக்கும் சொந்தத்துக்கு வீட்டுக்குப் போய், இரண்டு கையாலும் கொடுத்து, வாயால் சொல்ல வேண்டும். கனடாவுக்கும் நோர்வேக்கும் தபாலில் போகலாம். பக்கத்து ஊரில் இருக்கும் உடன்பிறப்புக்குத் தபாலில் போட்டால், வராதே என்று சொன்னதாகத்தான் எடுப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமி ஒரு பை நிறைய உறைகளோடு என் கவுண்டருக்கு வந்தா. வெளிநாட்டு முகவரிகளை அடுக்கிக்கொண்டு வந்த என் கையில் ஒரு உறை தட்டுப்பட்டது.

"அக்கா, இது பார்க்கிங்."

"ஓம், பார்க்கிங்தான்."

"பஸ்ஸில இருவது நிமிசம்."

"எனக்கு நேரமில்லை. எத்தினை வீடு ஏறி இறங்கிறன் எண்டு உனக்குத் தெரியுமே? கால் ரெண்டும் வீங்கிப்போச்சு."

"அதுக்காகக் கனடாக் கார்ட்டோட தம்பியின்ரை கார்ட்டையும் போடுறியளே?"

"டேய், நான் குடுக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. கார்ட் போகும். வாறதும் வராததும் அவன்ரை விருப்பம்." பிறகு கண்ணாடியின் ஓட்டைக்குக் கிட்டக் குனிந்து குரலைத் தணித்தா. "மாப்பிள்ளை வீட்டார் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? அந்த பஸ்காரனை ஆரெண்டு காட்ட? நீயே சொல்லு."

பின்னால் கியூவில் நின்றவர் இருமினார்.

"நல்ல வடிவான முத்திரையா ஒட்டு. ராணியின்ரை தலையை மட்டும் ஒட்டிப்போட்டு விட்டிடாதை" என்றுவிட்டு மாமி போனா.

பின்னேரம் உட்கார்ந்து ஒட்டினேன். வெளிநாட்டு உறைகளுக்குப் பூப் படம் போட்டவை சரியாக வந்தன. உள்நாட்டு உறை ஒன்றே ஒன்று, பார்க்கிங் உறை. லாச்சியைத் திறந்து அந்த மூக்குக்கண்ணாடி மனிதரை எடுத்தேன், ஒட்டினேன்.

ஏன் ஒட்டினேன் என்று உங்களுக்கு நேராகச் சொல்ல வேண்டும். தம்பி அந்த முகத்தைப் பார்ப்பான், அண்ணைக்கு எல்லாம் தெரியும், அண்ணைக்குக் கோபமில்லை என்று விளங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். வாயால் சொல்லப் பயந்ததை முத்திரை சொல்லட்டும் என்று விட்டேன். தபாலில் போகும் கார்ட் வராதே என்று சொல்லும், வெளியே முத்திரை கோபமில்லை என்று சொல்லும். அது எவ்வளவு மடத்தனம் என்று அப்போது எனக்குப் படவில்லை. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

அந்த நேரம் உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தா. மகளுக்கு அப்போது ஏழு வயது. எந்த எழுத்தைக் கண்டாலும் சத்தமாக வாசிப்பாள். கண்ணாடிக்கு வெளியே நின்று உறையில் இருந்த பெயரை வாசித்தாள்.

"இது சித்தப்பாக்கா? இந்தத் தாத்தா ஆர்?"

"ஒரு நல்ல மனுசன்."

"சித்தப்பா இப்ப வேற நாட்டிலயா இருக்கிறார்?"

"இல்லை, பார்க்கிங்தான்."

"அப்ப ஏன் போஸ்ட்? போன சனிக்கிழமை மழைக்குள்ள ரெண்டு பஸ் மாறி ஒரே ஒரு கார்ட் குடுக்கக் கூட்டிக்கொண்டு போனீங்க. போஸ்ட்ல போட்டா மரியாதை இல்லை எண்டு சொன்னீங்க."

"மாமி சொன்னவா, போஸ்ட்ல போடச் சொல்லி."

"ஆருக்கு மரியாதை இல்லை? மாமிக்கா, உங்களுக்கா?"

இதை அவள் பாதி ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அம்மா சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பி பாண் விலை பார்த்தா. ஐந்தரைக்குத் தபால் வான் வந்தது. பூ முத்திரைகள் எல்லாம் மூட்டையில் போயின. பார்க்கிங் உறையை என் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் பஸ் ஏறினோம். "முதல்முதலாப் போற வீடு. வெறுங்கையோட போகேலாது" என்று அம்மா ஒரு டப்பா நிறையப் பால்ரொட்டி சுட்டு எடுத்து வந்தா.

கதவைத் திறந்த சித்தப்பா எங்களைப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் வீதியைப் பார்த்தான். "என்ன அண்ணை, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதே?" என்றான். முன்னறிவிப்பில்லாமல் நான் அந்த வாசலில் நிற்பதற்கு வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை. அது எனக்குச் சுட்டது.

"ஒண்டும் இல்லை. கார்ட் குடுக்க வந்தனாங்கள்."

உள்ளே போய் உட்கார்ந்தோம். அங்கிள் மேசையில் இருந்த கோப்பைகளை அவசரமாக அள்ளிக்கொண்டு நின்றார். நல்ல உயரமான ஆள், என்னைவிட மூத்தவர். நான் எழும்பி இரண்டு கையாலும் உறையை நீட்டினேன். எத்தனையோ வீட்டில் சொல்லிப் பழகிய வாய், இங்கேயும் தானாகவே சொல்லிவிட்டது:

"குடும்பத்தோட கட்டாயம் வந்திடோணும்."

சித்தப்பா உறையை வாங்கினான். முதலில் கண்ணில் பட்டது முத்திரைதான்.

"என்ன அண்ணை, முத்திரையும் ஒட்டிப்போட்டுக் கையாலயும் கொண்டு வாறியள்? உங்கட தபாலை நீங்களே நம்பிறேல்லையோ?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"குடும்பத்தோட எண்டனீங்கள்."

"ஓம்."

"உறையில என்ரை பேர் மட்டும்தான் கிடக்கு."

"அக்கா எழுதினது."

"அண்ணை, நான் தனிய வந்து, மாமனா நிண்டு, தனியத் திரும்பி வரமாட்டன். அது இனி என்னால ஏலாது. கூப்பிடுறதெண்டா ரெண்டு பேரையும் கூப்பிடுங்கோ. இல்லையெண்டா நான் வேலையெண்டு சொல்லிவிடுறன். ஒருத்தரும் கோவிக்கத் தேவையில்லை." அவன் சத்தம் போடவில்லை. அலுமாரிக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னான்.

அதற்குள் அங்கிள் உறையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரைத் தான் பார்த்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். இருபது வயதில், ஒரு மதுக்கடையின் மேல்மாடியில், பத்துப் பதினைந்து கதிரைகள் போட்ட ஒரு கூட்டம். அந்த ஆள் எழும்பித் தன் பெயரைச் சொன்னார், தான் யாரென்று சொன்னார், பிறகு உட்கார்ந்து தேநீர் குடித்தார். அவ்வளவுதான். அப்படிச் சாதாரணமாகச் சொல்லலாம் என்று தனக்கு அதுவரை தெரியாது என்றார்.

என் கையில் போன் இருந்தது. நான் பெண்ணின் தகப்பன் இல்லை, கல்யாணம் நடத்துகிறவனும் இல்லை. மற்றவர்களின் விருந்துக்கு ஆள் கூப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் வாயால் சொல்லிவிட்டேன். மாமிக்கு எடுத்தேன்.

"அக்கா, பார்க்கிங்கில நிக்கிறன். கார்ட்டைக் கையால குடுத்திட்டன்."

"முத்திரை ஒட்டினதெல்லே?" என்றா.

"ஒட்டினதுதான். கையாலதான் குடுத்தனான். குடும்பத்தோட வரச் சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. எல்லா வீட்டிலயும் சொல்லுறதைத்தான் சொன்னன். இவனுக்கு மட்டும் வேற மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. தனிய வரமாட்டானாம். அவன் வராட்டி மணவறைக்குப் பொம்பிளையின்ரை ஒரு பக்கம் வெறுமையாத்தான் இருக்கும்."

மாமி அழுகிறாவோ, கோபமோ, எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மாமி சொன்னா: "சாப்பாட்டுக்காரருக்கு நாளைக்கு ஆக்கள் எத்தினை எண்டு சொல்லோணும். அவையள் ரெண்டு பேர்தானே?"

"ரெண்டு பேர்."

"மேசை பின்னுக்குத்தான். முன்னுக்கு மாப்பிள்ளை வீட்டார்." போனை வைத்துவிட்டா.

கல்யாணத்தன்று சித்தப்பா பட்டு வேட்டியில் பெண்ணின் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அங்கிள் பின்மேசையில் உங்களோடு இருந்தார். மகனுக்குச் சோறு தீத்தி, தன் கழுத்துப்பட்டியெல்லாம் சாம்பார் ஆக்கிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் இரண்டொருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாமி அந்தப் பக்கம் போகவே இல்லை.

முடிந்து போகும்போது மாமி வாசலில் பைகளோடு நின்றா. உங்களுக்குத் தெரியும், பலகாரப் பை குடும்பத்துக்கு ஒன்று. தனியாக வந்தவருக்கும் ஒன்று, ஆறு பேராக வந்தாலும் ஒன்று. சித்தப்பாவும் அங்கிளும் பக்கத்துப் பக்கமாக வந்தார்கள். மாமி ஒரு பையை எடுத்தா. சித்தப்பா கையை நீட்டினான். மாமி அவனைத் தாண்டி, அதை அங்கிளின் கையில் வைத்தா.

"வீட்டுக்குக் கொண்டு போங்கோ" என்றா. அடுத்து நின்றவர்களுக்குப் பை எடுக்கத் திரும்பிவிட்டா.

அங்கிளுக்கு விளங்கவில்லை. கார் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில் மகளிடம் மெதுவாகக் கேட்டார், உன் சித்தப்பாவுக்குத் தர மறந்துவிட்டார்களா, திரும்பிப் போய்ச் சொல்லவா என்று.

"இல்லை அங்கிள். ஒரு ஃபாமிலிக்கு ஒரு பைதான். அதுதான் ரூல்."

சித்தப்பா காரின் சாவியைத் தேடத் தொடங்கினான். சாவி அவன் கையில்தான் இருந்தது. பைக்குள் இரண்டு லட்டு, கொஞ்சம் பயற்றம் பணியாரம். ஒரு லட்டை மகள் அங்கேயே எடுத்துத் தின்றாள்.