கோந்து போடாத பெட்டி

நிலாம் நானா மவுத்தான செய்தி வந்த நேரம் நான் அவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன கேம் பெட்டி, கட்டுகஸ்தோட்டையில் என் தச்சுப் பட்டறை நடுவில் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. சனிக்கிழமை அதைப் பேராதனையில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் டொக்டரம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று தவணை சொல்லி மூன்றும் தவறிவிட்டது. அன்று புதன்கிழமை. ஐந்து தடவை போன் அடித்தேன். ஆறாவது தடவை எடுத்ததும், யாரென்று கேட்காமலே கத்தினேன்.

“நானா, இன்னைக்கு வாறீங்களா, இல்ல இதை மகாவலி கங்கையில தள்ளிவிடவா?”

“பாஸ், நான் ரிஸ்வி. மச்சான் சுபஹ் தொழுகைக்குப் பொறகு மவுத்தாகிட்டார். அஸர் தொழுகையோட அடக்கம். வாங்க.”

ரிஸ்வி நானாவின் மச்சினன். மரத்தூள் ஒட்டிய சட்டையோடுதான் நானாவின் ஊரான மடவளைக்கு பஸ் ஏறினேன்.

நானாவிடம் கம்ப்யூட்டர் திருத்தக் கொடுத்தவர்களுக்கு அவர் குணம் தெரியும். காலையில் கொடுத்தால் மாலையில் ஓடும். மறுநாள் காலையில், இன்னும் திருத்தவென்று அவரே வந்து திரும்பத் திறப்பார். வயதில் என்னைவிட ஆறு வருடம் இளையவர். ஆனாலும் அண்ணன் முறை வைத்து நான் அவரை நானா என்பேன். தச்சனை எங்கள் ஊரில் பாஸ் என்பார்கள், அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார். பதினொரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம், சண்டை பிடித்த நாட்களையும் சேர்த்து.

பல் பிடுங்கக் காத்திருக்கும் பிள்ளைகள் அழாமல் இருக்க ஒரு கேம் பெட்டி வேண்டும் என்று டொக்டரம்மா கேட்டார். நான் மரப்பெட்டி செய்தேன். உள்ளே வைக்க நானா ஒரு பழைய ஒபிஸ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். அதன் தகரக் கூட்டோடு வைத்தால் ஒரு மணி நேர வேலை. அவரோ கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மதர்போர்டை வெறுமனே ப்ளைவூட் பலகையில் பூட்ட வேண்டும் என்றார். “சட்டையக் கழட்டினாத்தான் பாஸ் காத்துப் பிடிக்கும்.”

சரி என்று நான் போர்டைப் பலகையோடு ஒட்ட வைத்து, ஆறு ஸ்குரூ ஆணியும் இறுக்கிப் பூட்டினேன். வந்து பார்த்தவர் தலையில் கை வைத்தார்.

“பாஸ், இது என்ன கதவா, அமுக்கிப் பூட்ட? அடியில ஈய முள்ளு ஈக்குது. நெளிஞ்சா செத்துப் போகும்.”

பிறகு ஒரு பாக்கெட் பேனா வாங்கிவந்து, மைக் குச்சிகளை உருவிப் போட்டுவிட்டு, வெறும் குழாயை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டச் சொன்னார். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு ஆணி. போர்டு அதன்மேல் பலகையில் படாமல் நிற்கும். ஒரு துண்டு மயிரளவு கூடினாலும் திரும்ப வெட்ட வேண்டும். ஆறு வேண்டிய இடத்தில் ஏழு வெட்ட வைத்தார். “ஒண்டு கையிலருந்து விழுந்து ஓடும் பாஸ். எப்பவும் ஓடும்.”

அந்தப் பலகையைப் பெட்டிக்குள் பொருத்தும்போது, உறுதிக்காகக் கோந்து போட்டேன். தச்சன் வேறு என்ன செய்வான்? அதைக் கண்டதும் அவர் போட்ட சத்தம் எதிர்க் கடைக்குக் கேட்டது. “கோந்து போட்டா இது மெசின் இல்ல பாஸ், சவப்பெட்டி! பூட்டுறது பெரிய வேலையில்ல. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கழட்ட ஏலணும்.” உளி வைத்துப் பெயர்த்தோம். என் பொலிஷ் போயிற்று. மூன்று நாள் நான் பேசவில்லை.

அடுத்த எரிச்சல் பென்சில் படங்கள். ஒவ்வொரு வயரும் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு படம் வரைந்தார்: மீன், குடை, தேங்காய், சாவி. வயரில் சுற்றிய டேப்பிலும் அதே படம்.

“நானா, நான் என்னா நேர்சரிப் புள்ளையா?”

“எழுதினா வாசிக்க நேரம் போகும் பாஸ். மீனக் கண்டா மீன்தானே?”

செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்து கேமும் ஓடியது. விசிறிச் சத்தம் சரியில்லை என்று, “ஒரே ஒரு தரம்” என்று சொல்லி முழுவதையும் கழற்றினார். நாளை வந்து பூட்டுகிறேன் என்று போனவர்தான்.

ஜனாஸாவைப் பள்ளிவாசல் சந்தூக்கில் வைத்துத் தோளில் கொண்டு போனார்கள். மூடி கழற்றக்கூடிய பெட்டி. அவரை மண்ணில் இறக்கியதும் சந்தூக் பள்ளிக்கே திரும்பியது. அவருக்குப் பிடித்திருக்கும்.

வியாழக்கிழமை, பெட்டிக்குக் குறைந்த சின்ன ஆணிகளைத் தேடி ரிஸ்வியோடு அவருடைய கடையைத் திறந்தேன். ரிஸ்வி அக்குறணையில் புடவைக் கடைக்காரர், கம்ப்யூட்டர் தெரியாது. சுவரோரம் நானா திறந்து வைத்திருந்த மெசின்கள் வரிசையாக இருந்தன. எல்லா வயரிலும் எழுத்து.

“படம் போட்டது ஒண்டும் இல்லையா?” என்றேன்.

“படமா? மச்சான் எப்பவும் எழுதித்தானே வெப்பார் பாஸ்.”

அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதைக்கூட நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நானாவிடம் நான் அதைச் சொன்னதில்லை. அவர் எந்தக் கடதாசியை நீட்டினாலும், “கண்ணாடி கொண்டு வரல” என்பேன். “பரவாயில்ல, நான் வாசிக்கிறேன்” என்பார். பதினொரு வருடமாக ஒருவன் கண்ணாடியை மறந்துகொண்டே வருவானா என்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்கவில்லை. ஊரையே வாயால் வறுத்தவர், இதை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தனியாக உட்கார்ந்து பூட்டினேன். பேனாத் துண்டுமேல் போர்டு. மீனுக்கு மீன், குடைக்குக் குடை. சுவிட்சைப் போட்டேன், ஓடியது. விசிறிச் சத்தம் அப்படியேதான் இருந்தது. நான் கழற்றவில்லை.

சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததும் பிள்ளைகள் சுற்றி மொய்த்துவிட்டார்கள். டொக்டரம்மா சொன்னார்: “முந்தி அழுதுகொண்டாவது உள்ள வருவினம். இப்ப கூப்பிட்டா ஒருத்தரும் வருகினம் இல்லை.”

ஏழாவது துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒன்றும் விழுந்து ஓடவில்லை, நானா. அந்தக் கணக்கு மட்டும் உங்களுக்குப் பிழைத்துவிட்டது. வந்து என்னை ஏசவும் ஆளில்லை.